அகர வரிசைப்படி ஒரு கீதம்

உலகத்தில் எந்தப் பெரிய விளையாட்டு நடந்தாலும் அதற்கு ஒரு பாட்டு வேண்டும். ஓடுகிறவன் பாட்டுக் கேட்டு ஓடுவதில்லை, பாய்கிறவன் பாட்டுக் கேட்டுப் பாய்வதில்லை. ஆனாலும் பாட்டில்லாமல் ஓடினால் அது வெறும் ஓட்டம், பாட்டோடு ஓடினால் சர்வதேச ஓட்டம். இந்த உண்மையை எங்களுக்கு அறியத்தந்தது சர்வதேச மரபு விளையாட்டுச் சம்மேளனம். நாட்டுக்கு நாடு அழிந்தும் அழியாமலும் கிடக்கிற பழைய விளையாட்டுகளைக் காப்பாற்றுவது அதன் வேலை. தன்னுடைய அடுத்த ஒன்றுகூடலை யாழ்ப்பாணத்தில் நடத்தப்போவதாகவும், எங்கள் ஊர் விளையாட்டு ஒன்றை நாங்கள் ஆடிக்காட்ட வேண்டும் என்றும், தொடக்கத்தில் பாடகர் கூட்டமும் வாத்தியக் கூட்டமும் சேர்ந்திசைக்கும் கீதம் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்றும் அது எழுதியிருந்தது. கீதம் முடியும்வரை சகலரும் எழுந்து நிற்க வேண்டுமாம்.

விளையாட்டைப் பற்றிச் சிக்கல் இருக்கவில்லை. கிளித்தட்டு என்று உடனே முடிவாயிற்று. நிலத்தில் பெட்டி பெட்டியாகக் கோடு கீறி, ஒரு கட்சி உள்ளால் ஓட மறு கட்சி கோட்டில் நின்று மறிக்கிற விளையாட்டு. மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் சயந்தன் என்ற பெடியன் தன் கூட்டாளிகளைச் சேர்த்து ஏற்கனவே பயிற்சி தொடங்கிவிட்டான். சிக்கல் முழுவதும் பாட்டில்தான் இருந்தது.

இதைப் பொறுப்பேற்ற அரச அலுவலகத்தைப் பற்றி, எங்கள் பேச்சில் கந்தோரைப் பற்றி, ஒரு சொல் சொல்ல வேண்டும். முன்னர் மரபு விளையாட்டுக்கு ஒரு கந்தோர், பண்பாட்டுக்கு ஒரு கந்தோர், ஆசிரியர் இடமாற்றத்துக்கு ஒரு கந்தோர் என்று தனித்தனியாக இருந்தன. மூன்றுக்கும் சேர்த்து ஒழுங்காக வேலைசெய்யும் குளிரூட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தபடியால், மூன்றையும் அந்த அறைக்குள் கொண்டுவந்து ஒரே கந்தோர் ஆக்கிவிட்டார்கள். நிர்வாகச் சீர்திருத்தம் என்று அதற்குப் பெயர். அதன் பணிப்பாளர் தில்லைநாதன் நல்ல மனிதர். யாரையும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியதில்லை. ஓம் என்று சொல்லி அனுப்பியதும் இல்லை. 'பாப்பம்' என்று ஒரு சொல் வைத்திருந்தார். அந்தச் சொல்லிலேயே அவர் பதவி உயர்ந்து வந்தவர்.

பாட்டெழுதி இசையமைக்க அவர் பிடித்த ஆள் சுவர்ணா ரீச்சர். சுவர்ணா ரீச்சருக்கு வீடு சண்டிலிப்பாயில், படிப்பிப்பது நெடுந்தீவில். விடியமுன் பஸ் பிடித்து, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய், வள்ளம் ஏறி, கடல் அவரைக் குலுக்கிக் கலக்கி அக்கரையில் இறக்கிவிடும்போது சங்கீத ரீச்சருக்கு 'ச' வரும், 'ரி' வராது. பிள்ளைகள் அவருக்குத் தேசிக்காய் வெட்டி முகரக் கொடுத்து, மயக்கம் தெளிந்த பிறகுதான் வகுப்பு. ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கேட்டு அவர் எழுதாத விண்ணப்பம் இல்லை. மனிசிக்கு உலகத்தில் வேறு ஆசையே இருக்கவில்லை. தில்லைநாதன் அது தெரிந்துதான் கூப்பிட்டார்.

"ரீச்சர், பாட்டை முடிச்சுத் தாங்கோ. பாட்டு முடிஞ்ச அடுத்த நாள் நீங்கள் சண்டிலிப்பாயிலை."

"அதை எழுத்திலை தருவியளோ சேர்?"

"முதல் நீங்கள் பாட்டை எழுத்திலை தாங்கோ. பேந்து பாப்பம்."

ரீச்சர் வள்ளத்துக்குள் இருந்தே எழுதினார். நாலே நாலு வரி. கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவு தெளிவாக இருந்தது.

*ஓடி வா, தோழா, ஓடி வா*
*கோடு கடந்து பாடி வா*
*தொட்டால் தோல்வி, தப்பினால் வெற்றி*
*எதுவானாலும் கூடி வா*

மெட்டும் அப்படித்தான், ஒருதரம் கேட்டால் வாயைவிட்டுப் போகாது. பாடகர் குழுவை நடத்தப் பொறுப்பேற்ற செபநாயகம் மாஸ்ரர் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். மாஸ்ரர் வாழ்நாள் முழுக்கக் கோயில் பாடகர் குழுவில் நாலு குரல் பிரித்துப் பாடவைத்தவர். அவர்தான் என்னை அடிக்குரல் பாட இழுத்துக்கொண்டு போனார். என் குரல் கிணற்றுக்குள் விழுந்த வாளி மாதிரி என்று என் மனைவி சொல்வாள், மாஸ்ரர் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். இப்படித்தான் நான் கந்தோர் கூட்டிய கீத உபகுழுவுக்குள் போனேன். அங்கே தரும் வடை நல்லது, மற்றது எல்லாம் பொறுமைக்கான சோதனை.

நாலு வரியை உபகுழு ஆராயத் தொடங்கியது. முதல் ஆட்சேபம் ரொறன்ரோவிலிருந்து வந்தது. அங்கத்தைய பழைய மாணவர் சங்கத்தின் சார்பில் குணலட்சுமி என்ற அம்மா கைத்தொலைபேசித் திரையில் தோன்றினார். பின்னால் பனி, முன்னால் கோபம்.

"ஓடி வா எண்டு ஆரைச் சொல்லுறியள்? நாங்கள் ஒருத்தரும் ஓடி வரேல்லை. பிளேனிலை வந்தனாங்கள்."

விளையாட்டில் ஓடுவதைத்தான் சொன்னேன் என்று ரீச்சர் விளக்கப் பார்த்தார். திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. உறைந்த முகத்திலும் கோபம் இருந்தபடியால் முதல் வரி நீக்கப்பட்டது.

இரண்டாம் வரிக்கு உபகுழுவில் இருந்த சட்டத்தரணி எழும்பினார். யாழ்ப்பாணத்தில் பாதிச் சனத்துக்கு வேலி வழக்கு இருக்கிறது, மீதிப் பாதி அந்த வழக்கில் எதிராளிகள். இப்படியான ஒரு மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி 'கோடு கடந்து பாடி வா' என்று வாத்தியத்தோடு பாடினால், நிலுவையில் உள்ள வழக்குகள் அத்தனைக்கும் அது பாதகம் என்று அவர் விளக்கினார். அவருடைய சொந்த வேலியும் வழக்கில் இருந்ததால் மிகவும் உணர்ச்சிபூர்வமாக விளக்கினார். இரண்டாம் வரியும் போயிற்று.

மூன்றாம் வரியை வெட்டியவர் தன்னம்பிக்கைப் பயிற்சியாளர். இப்போது எங்கள் ஊரில் எந்தக் கூட்டமானாலும் கன்னத்தில் ஒலிவாங்கி ஒட்டிய ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளர் இல்லாமல் நடப்பதில்லை. கலியாண வீட்டில் ட்ரோன் பறப்பது போல அதுவும் ஒரு நாகரிகம். 'தோல்வி' என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகளின் மனம் ஒடிந்துவிடும் என்றார். அப்படியானால் 'வெற்றி' மட்டும் இருக்கட்டுமே என்றார் ரீச்சர். தோற்றவருக்கு அது ஞாபகமூட்டும் என்றார் அவர். நாலாம் வரியில் 'கூடி வா' என்று இருந்தது. கூடுவதற்கு முன் அனுமதி எடுக்க வேண்டும் என்று தில்லைநாதனே சொல்லி 'கூடி' வரைக்கும் தன் கையால் வெட்டினார்.

மிஞ்சியது 'வா' மட்டும். பிரதம விருந்தினரைப் பார்த்து வா என்று ஒருமையில் எப்படிப் பாடுவது? நீண்ட விவாதத்துக்குப் பிறகு, ஒருவருக்கும் நோகாத வகையில் அதற்கு 'ழ்க' சேர்த்து 'வாழ்க' என்று திருத்தினார்கள். கீதத்தின் முதல் சொல் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கைதட்டி வடை சாப்பிட்டார்கள்.

இனி யார் வாழ்க என்று போடுவது? தலைவர்களைப் போட்டால் அடுத்த தேர்தலில் மாற்ற வேண்டும். தெய்வத்தைப் போட்டால் எந்தத் தெய்வம் என்று வரும். மரத்தைப் போடலாம் என்றால் பனையா வேம்பா என்று சண்டை. மருதனார்மடம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்கிற முருகேசு அண்ணை அதுவரை கதிரையில் நித்திரையாக இருந்தார். சத்தத்தில் கண் விழித்து, "ஊர்ப் பேரைப் போடுங்கோவன். ஊர்ப் பேரோடை ஆர் சண்டை பிடிக்கப்போகினம்?" என்றார். முருகேசு அண்ணைக்கு யாழ்ப்பாணம் தெரியாது என்று சொல்ல முடியாது. நித்திரை முழுதாகக் கலைந்திருக்கவில்லை.

உபகுழு அந்த யோசனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. எந்த ஊர் முதலில் என்ற கேள்வி எழுமுன்பே தில்லைநாதன் அகர வரிசை என்று அறிவித்துவிட்டார். ரீச்சர் மறுபடியும் வள்ளத்தில் இருந்து எழுதினார்.

*அச்சுவேலி வாழ்க, அச்செழு வாழ்க*
*அராலியும் அரியாலையும் அல்வாயும் வாழ்க*

இப்படியே வேலணை வரை. பாடிப் பார்த்தபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது, பஸ் நிலையத்தில் நிற்கிற மாதிரி ஓர் உற்சாகம். ஆனால் 'வ' வரிசை ஊர்க்காரர் தூதுக்குழுவாக வந்தார்கள். தங்கள் ஊர் வரும்போது பாட்டுக் கேட்க ஒருவரும் மிஞ்சமாட்டார்கள், இது பல தலைமுறையாகத் தங்களுக்கு இழைக்கப்படும் அநீதி, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற இடாப்பிலும் இப்படித்தான் என்றார்கள். நியாயமான முறைப்பாடு. ஆகவே கீதம் முடிவுவரை போய், அங்கேயிருந்து திரும்பிப் பின்பக்கமாக அகரத்துக்கு வர வேண்டும் என்று தீர்மானமானது. உடனே நடுவில் இருக்கிற ஊர்க்காரர் வந்தார்கள். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் தாங்கள் நடுவில்தானே அகப்படுகிறோம் என்றார்கள். அதுவும் நியாயம். எனவே மூன்றாம் முறை நடுவிலிருந்து தொடங்குவதென்று ஆயிற்று. பிறகு கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்று பிரிந்த ஊர்கள் நாலு திசைக்கும் தனித்தனி வாழ்க கேட்டன. உபகுழு உறுப்பினர்கள் தங்கள் ஊரைச் சேர்த்து முடித்து வீட்டுக்குப் போய், மறுநாள் மனைவியின் ஊரோடு வந்தார்கள். என் ஊர் கட்டுவன், அது கேட்காமலே வந்துவிட்டது. என் மனைவி நீர்வேலி. அதுவும் வந்தது, நான் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு தரம் இருமினேன்.

ரீச்சர் ஒன்றுக்கும் முகம் சுழிக்கவில்லை. "ஓம், போடுறன்" என்பார். ஊர் சேர்க்க வந்த ஒவ்வொருவரிடமும் தன் இடமாற்ற விண்ணப்பத்துக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டுதான் சேர்த்தார். ஆள் கெட்டிக்காரி. பாட்டுக்குள் ஊர்கள் கூடக்கூட விண்ணப்பத்துக்குப் பின்னால் பரிந்துரைகள் கூடின. ஒன்றைத்தான் அவர் யோசிக்கவில்லை. பாட்டு முடிந்த அடுத்த நாள் மாற்றம் என்றல்லவா தில்லைநாதன் சொன்னார்? பாட்டு முடிகிற மாதிரித் தெரியவில்லை.

செபநாயகம் மாஸ்ரரின் பாடு அதைவிட மோசம். நாலு குரலில் பாட வேண்டும் என்று பிரித்ததும் பெற்றோர் வந்துவிட்டார்கள். தங்கடை பிள்ளை ஏன் கீழ்க்குரலில் நிற்க வேண்டும், மேல்குரலுக்கு என்ன தகைமை வேண்டும், ரியூசனுக்கு விட்டால் மேலே வருமா என்று கேட்டார்கள். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் மேல்குரல். அடிக்குரலில் பரிந்து சொல்ல ஆளில்லாத நானும் இன்னும் சிலரும் மட்டும். வாத்தியக் கூட்டத்தில் நாதஸ்வரமும் தவிலும் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியமும் வயலினும் ஒன்றாக இருந்தன. யார் யாருக்குச் சுதி கொடுப்பது என்பது மரியாதைப் பிரச்சினை ஆகி, ஆளாளுக்குத் தன் தன் சுதியில் இசைப்பதென்று சமாதானம் ஏற்பட்டது. இதற்குப் பியூஷன் என்று பெயர் வைத்தபிறகு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. உடுப்பும் இன்றைய நாகரிகப்படிதான், பெண்களுக்கு எல்லாம் ஒரே நிறச் சேலை, அதே துணியில் ஆண்களுக்குச் சட்டை. தெரிவானது மாம்பழ நிறம். கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது விலை சொல்ல வேண்டும் போல இருந்தது.

இடையில் ஒருநாள் சயந்தன் கந்தோருக்கு வந்து, தங்களுக்கு விளையாட எவ்வளவு நேரம் தருவீர்கள் என்று கேட்டான். பாட்டு முடிந்தால் மிச்ச நேரம் முழுவதும் உங்களுடையதுதான், தம்பி, என்றார் தில்லைநாதன் பெருந்தன்மையாக.

விழா நாள் வந்தது. வெயிலைப் பற்றி யாழ்ப்பாணத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மைதானத்தில் கோடுகள் வெள்ளையாகப் போட்டிருந்தன. வெளிநாட்டு அணிகள் வரிசையாக நின்றன. மரக்குற்றி தூக்கி எறிகிற ஸ்கொட்லாந்துக்காரர், உடம்பில் எண்ணெய் பூசி மல்லுக்கட்டுகிற துருக்கிக்காரர், வில்லோடு வந்த மொங்கோலியர், இன்னும் பலர். சம்மேளனத்தின் தலைமை நடுவர் ஹெல்கா என்ற வெள்ளைக்கார அம்மையார், வடதுருவத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்து வந்தவர். ஒவ்வொரு நாட்டின் விளையாட்டையும் பார்த்து, மற்ற நாட்டு அணிகளும் அதில் சேர்ந்து ஆடியபிறகு பதக்கம் கொடுப்பது அவர் கடமை. அவருக்கு மொழிபெயர்க்க டிலக்ஷன் என்ற பெடியனை விட்டிருந்தார்கள். இனிச் சொல்லப்போகிற சம்பாஷணை அவன் எனக்குப் பிறகு சொன்னது.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள் என்று அறிவிப்பு வந்தது. மாஸ்ரர் கையைத் தூக்கினார். தவில் முழங்க, பாண்ட் அடிக்க, மாம்பழங்கள் அத்தனையும் வாய் திறந்து அச்சுவேலியை வாழ்த்தின.

ஸ்கொட்லாந்துக்காரர் இணுவில் வரும்போது நிலத்தில் குந்தி இருந்துவிட்டார்கள். மலை போன்ற ஆட்கள், ஆனால் நிழலில் வளர்ந்தவர்கள். துருக்கிக்காரர் 'க' வரை தாக்குப்பிடித்தார்கள். எண்ணெய் வேறு பூசியிருந்தபடியால் கச்சாய் வரும்போது பொரியத் தொடங்கினார்கள். மொங்கோலியர் வில்லை ஊன்றிக்கொண்டு நல்லூர் வரை வந்து, அங்கே சாய்ந்தார்கள். எங்கள் சனம் மட்டும் ஓர் ஆள் அசையவில்லை. தங்கள் ஊர் வரும்வரை எவருக்கும் கீழே இருக்க மனம் வராது. ஊர் வந்தபிறகு இருந்தால், பக்கத்து ஊர்க்காரன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், 'தன்ரை ஊர் முடிஞ்சவுடனை இருந்திட்டான்' என்று பரம்பரைக்கும் சொல்வான். ஆகவே ஊர் வந்தவர் வராதவருக்காகவும், வராதவர் வரப்போவதற்காகவும் நின்றார்கள். கீதம் வேலணையில் திரும்பிப் பின்பக்கமாக வரத் தொடங்கியபோது ஹெல்கா அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டார்.

"இந்த விளையாட்டின் விதி என்ன?" என்று டிலக்ஷனைக் கேட்டார்.

அவன் பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான். "கீழை இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எதிராளி யார்?"

"எதிராளி எண்டு ஒருத்தரும் இல்லை. நாங்களாத்தான் நிக்கிறம்."

"வென்றால் என்ன கிடைக்கும்?"

"அதை ஒருத்தரும் இதுவரைக்கும் சொல்லேல்லை, மடம்."

அம்மையார் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். உலகம் முழுவதும் சுற்றியும் இவ்வளவு தூய்மையான ஒரு விளையாட்டைத் தான் கண்டதில்லை என்று அவனிடம் சொன்னாராம். பந்தில்லை, கோல் இல்லை, பரிசில்லை, பகையில்லை, மனிதனும் அவன் இரண்டு காலும் மட்டும். இவர்கள் எங்கே பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டார். டிலக்ஷன் உண்மை பேசுகிற பெடியன். "கந்தோரிலை. பெற்றோல் வரிசையிலை, காஸ் வரிசையிலை. கடவுச்சீட்டு எடுக்கப் போனால் அது பெரிய பயிற்சி. சின்னனிலையே பள்ளிக்கூடத்திலை வெயிலுக்கை நிப்பாட்டித் தொடக்கி வைப்பினம்." அம்மையார் 'குழந்தைப் பருவத்திலிருந்தே அரச அனுசரணையுடன்' என்று குறித்துக்கொண்டார்.

மூன்றாம் சுற்று நடுவிலிருந்து தொடங்கி முடிந்தபோது சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. கிளித்தட்டுக் கோடுகளை எங்கள் நிழல்கள் மூடியிருந்தன. வெளிநாட்டு அணிகள் எல்லாம் வேப்ப மரத்துக்குக் கீழே செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தன. மைதானத்தில் நின்றது நாங்கள் மட்டும். ஹெல்கா அம்மையார் மேடை ஏறி, நிற்றல் என்னும் இந்தத் தொன்மையான விளையாட்டில் யாழ்ப்பாணத்தார் உலக வெற்றியாளர் என்று அறிவித்தார். மொழிபெயர்ப்பு வந்துசேர ஒரு கணம் பிடித்தது. பிறகு எழுந்த ஆரவாரத்தில் தவில்காரர் தன் சுதியையே மறந்துபோனார்.

சயந்தனும் கூட்டாளிகளும் முன்வரிசையில் நின்றபடியால் முதல் பதக்கங்கள் அவர்கள் கழுத்தில் விழுந்தன. "நாங்கள் விளையாடவே இல்லையே" என்று அவன் சொல்லத் தொடங்கி, பதக்கத்தைத் திருப்பிப் பார்த்து, படம் எடுக்க நேராக நின்றான். எனக்கும் ஒரு பதக்கம் கிடைத்தது. வாழ்நாளில் நான் பெற்ற முதல் விளையாட்டுப் பரிசு. மகிழ்ச்சியாக இல்லை என்று சொன்னால் பொய், வீட்டுக்குள்ளும் அன்று கழற்றவில்லை.

உலகப் புகழ் வந்தபிறகு கந்தோர் சும்மா இருக்குமா? உடனே சுற்றறிக்கை வெளியாயிற்று. கீதம் மாவட்டத்தின் பெருமைக்குரிய சொத்து எனவும், அது எங்கே இசைக்கப்பட்டாலும் சகலரும், கடமையில் உள்ள உத்தியோகத்தர் உட்பட, அது முடியும்வரை கைவேலையை விட்டு எழுந்து வேறு பேச்சின்றி நிற்க வேண்டும் எனவும், ஊர்களின் பெயர்களை இவ்வளவு விரிவாகத் தொகுத்த வேறு ஆவணம் இல்லாதபடியால் இனி ஊர்கள் தொடர்பான சகல கருமங்களுக்கும் கீதமே அதிகாரபூர்வமான பதிவு எனவும் அதில் கண்டிருந்தது. தில்லைநாதனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

சுவர்ணா ரீச்சர் பதக்கமும் கழுத்துமாகக் கந்தோருக்குப் போனார். வாசலில் பதக்கம் பெற்றவர்களுக்குத் தனி வரிசை என்று எழுதி ஒட்டியிருந்தது. மரியாதைதான். ஆனால் மாவட்டத்தில் பதக்கம் பெறாதவர் அருமை என்பதால், சாதாரண வரிசையில் ஒருவரும் இல்லை, மரியாதை வரிசை வீதி வரைக்கும் நின்றது. அந்த வரிசையில்தான் நானும் நின்றேன். செபநாயகம் மாஸ்ரர் தன் ஓய்வூதியத்துக்காக, சயந்தன் விழாவுக்கு எடுத்த மைதானத்தைத் திரும்பக் கேட்டு. ரீச்சரைப் பாட்டெழுதியவர் என்று நாங்களே முன்னுக்கு விட்டோம்.

தில்லைநாதன் அன்பாகவே வரவேற்றார். விண்ணப்பத்தையும் பின்னால் இருந்த பரிந்துரைகளையும் பார்த்து மகிழ்ந்தார். இவ்வளவு பரிந்துரைகளோடு ஒரு விண்ணப்பத்தைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றார். பிறகு கீதத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது, மேலே போயிற்று, கீழே வந்தது.

"ரீச்சர், சங்கானைக்குப் பிறகு சரசாலை வருது. சண்டிலிப்பாய் இல்லை."

ரீச்சருக்கு முகம் வெளிறியது, வள்ளத்தில் வெளிறுகிற மாதிரி. மற்றவர்களின் ஊர்களையும் அவர்கள் மனைவிமாரின் ஊர்களையும் நாலு திசையாகப் பிரித்து மூன்று தரம் அடுக்குகிற அவதியில், தன்னுடையதைப் பேந்து போடலாம் என்று விட்டிருக்கிறார். ஒருவருக்கும் அது தெரியவில்லை. சண்டிலிப்பாயிலிருந்து வந்து பாடினவர்களும் மற்ற ஊர்க்காரர் கீழே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றார்களே தவிர, தங்கள் ஊர் வந்ததா என்று கவனிக்கவில்லை.

"அது விடுபட்டுப்போச்சு சேர். ஊர் இருக்குத்தானே."

"பதிவிலை இல்லாத ஊருக்கு நான் எப்பிடி மாற்றம் தாறது?"

"அப்ப நான் ஒவ்வொரு நாளும் எங்கையிருந்து வாறன்?"

"அது உங்கடை தனிப்பட்ட விசயம் ரீச்சர். நாங்கள் அதுக்குள்ளை தலையிடுறேல்லை." அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "நெடுந்தீவு மூண்டு இடத்திலை இருக்கு. அங்கை உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது" என்றார். கீதத்தைத் திருத்துவதானால் சம்மேளனம் மறுபடி கூட வேண்டும் என்றும், அதுவரை கொஞ்சம் நில்லுங்கோ என்றும் சொன்னார்.

எங்கள் பேச்சில் நில்லுங்கோ என்றால் காத்திருங்கள் என்றும் பொருள், கால் கடுக்க நில்லுங்கள் என்றும் பொருள். இரண்டுக்கும் வித்தியாசம் வேண்டும் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. ரீச்சர் கதிரையை விட்டு எழுந்தார். வெளியே வரப்போகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் வாசல்படியில் நின்று, கந்தோர்ப் பக்கம் திரும்பி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடத் தொடங்கினார். அன்று அவர் கடல் தாண்டவில்லை, குரல் முழுதாக இருந்தது.

"அச்சுவேலி வாழ்க..."

தில்லைநாதன் எழுந்து நின்றார். வேறு வழியில்லை, சுற்றறிக்கையில் கையெழுத்து அவருடையது. எழுதுநர்கள் எழுந்தார்கள். தேநீர் கொண்டுவந்த ஆள் தட்டும் கையுமாக நின்றார். வரிசையில் நாங்கள் ஏற்கனவே நின்றோம், ஆகவே சேர்ந்து பாடினோம். மாஸ்ரர் கையைத் தூக்கிவிட்டார், நாலு குரலும் முதன்முறையாக ஒழுங்காகப் பிரிந்து வந்தது. எனக்குச் சந்தோசத்தில் நெஞ்சு விம்மியது, அடிக்குரல் கிணற்றின் அடிவரைக்கும் போயிற்று. 'ச' வந்தது. "சங்கானை வாழ்க" என்று பாடிய ரீச்சர், தில்லைநாதனின் கண்ணைப் பார்த்தபடியே, "சண்டிலிப்பாய் வாழ்க" என்று பாடினார். தில்லைநாதன் வாயைத் திறந்து, கீதத்தின்போது கதைக்கக் கூடாது என்ற சுற்றறிக்கையின் மூன்றாம் பந்தி ஞாபகம் வந்து, மூடிக்கொண்டார். வரிசை முழுவதும் அந்த வரியைத் திருப்பிப் பாடியது. சண்டிலிப்பாய் கீதத்துக்குள் வந்துவிட்டது. இனி தில்லைநாதன் கையெழுத்து வைக்கலாம், பாட்டு முடிந்ததும்.

பாட்டு வேலணைக்குப் போய்த் திரும்பிப் பின்பக்கமாக வந்தது. சண்டிலிப்பாய் இரண்டாம் தரமும் வந்தது. மூன்றாம் சுற்றுக்காக நடு ஊரை எடுத்தபோது கந்தோர் மூடும் நேரம் ஆகிவிட்டது. காவலாளி கதவைச் சாத்துவதா எழுந்து நிற்பதா என்று தெரியாமல் பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தில்லைநாதன் மணிக்கூட்டைப் பார்த்தார், ரீச்சர் தில்லைநாதனைப் பார்த்தார், ஒருவராலும் இடையில் நிறுத்த முடியவில்லை. அன்று முழுநாளும் அந்தக் கந்தோரில் ஒரு கோப்பும் மேசை மாறவில்லை, ஒரு தாளிலும் கையெழுத்து விழவில்லை, ரீச்சரின் தாளிலும்தான். இது தொடர்பாகப் பொதுமக்களிடமிருந்து முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.